12 மாதப் படிப்பும் 24 மாத போன் ஒப்பந்தமும்: பிரிட்டனில் பாதியில் விலகுவது எப்படி

பிரிட்டனுக்கு முதுகலை படிக்க வரும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் படிப்பு ஓராண்டுதான். செப்டம்பரில் தொடங்கும் வகுப்பு, அடுத்த செப்டம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் முடிந்துவிடுகிறது. ஆனால் வந்திறங்கிய சில வாரங்களில், கையில் பணம் இல்லாமலே புதிய போன் கிடைக்கிறதே என்ற மகிழ்ச்சியில் அவர்கள் ஒப்புக்கொள்ளும் மொபைல் ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதங்களுக்கானதாக இருக்கிறது; போனுக்கான தவணை மட்டும் 36 மாதம் வரை நீளும் திட்டங்களும் விற்கப்படுகின்றன. வேலை கிடைக்காமல் ஊர் திரும்ப நேர்ந்தாலோ, வேலை வேறு நாட்டில் அமைந்தாலோ, அந்த மீதி மாதங்கள் கழுத்தில் தொங்கும்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில், கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் திருச்சியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மாதம் 42 பவுண்டு, இன்னும் 13 மாதம் பாக்கி, மூன்று வாரத்தில் விமானம். "டைரக்ட் டெபிட்டை நிறுத்திட்டு ஃப்ளைட் ஏறிடு, யாரும் தேடி வரமாட்டாங்கன்னு ரூம்மேட் சொல்றான், அண்ணா" என்றார். டைரக்ட் டெபிட் என்பது மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பில் பணம் தானாக எடுக்கப்படும் ஏற்பாடு. பிரிட்டனில் இருக்கும் எந்தத் தமிழ் வாட்ஸாப் குழுவிலும் கிடைக்கக்கூடிய அறிவுரைதான் அது. அதைவிட மோசமான அறிவுரையை நான் கேட்டதில்லை. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவரை அன்று என்ன செய்யச் சொன்னேனோ அதை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் இருப்பது எந்த வகை ஒப்பந்தம்

நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்களில் ஒப்பந்தச் சுருக்கத்தைத் தேடி எடுங்கள். ஒப்பந்தம் தொடங்கிய நாள், விலகாமல் இருக்க ஒப்புக்கொண்ட குறைந்தபட்சக் காலம் முடியும் நாள், அது யார் பெயரில் இருக்கிறது ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விவரம் அற்பமானதல்ல. புதிதாக வருபவருக்கு இந்நாட்டில் கடன் வரலாறு கிடையாது என்பதால் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது சகஜம். அப்போது உறவினரோ, முன்பே வந்து வேலையில் இருக்கும் ஊர்க்கார அண்ணனோ தன் பெயரில் எடுத்துத் தருவார். போன் உங்கள் கையில் இருந்தாலும், சட்டப்படி ஒப்பந்தம் அவருடையது. கட்டாமல் போனால் கறை படிவது அவருடைய கணக்கில். எந்த அடியையும் அவரைக் கேட்டுக்கொண்டே எடுத்து வையுங்கள்.

அடுத்து, ஒப்பந்தத்தின் வடிவத்தைப் பாருங்கள். போன் இல்லாமல் சிம் மட்டும் வாங்கி, அதுவும் மாதாமாதம் புதுப்பிக்கும் திட்டமாக இருந்தால், முப்பது நாள் முன்னறிவிப்புக்கு மேல் உங்களுக்குச் சுமை எதுவும் இல்லை. சிம் மட்டும்தான், ஆனால் 12 அல்லது 24 மாதம் என்றால் மீதி மாதங்களுக்கான கட்டணம் வரும். போனும் சேர்ந்திருந்தால் இரண்டு வகை உண்டு. பழைய முறையில் போனும் லைனும் ஒரே ஒப்பந்தத்துக்குள் ஒரே தொகையாக இருக்கும். இப்போது பரவலாகியிருக்கும் முறையில் போனுக்கு ஒரு கடன் ஒப்பந்தமும், பேச்சுக்கும் டேட்டாவுக்கும் தனியாக ஓர் ஒப்பந்தமுமாக இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பில் மட்டும் ஒன்றாக வரும். அந்தத் திருச்சி மாணவருடையது இரண்டாவது வகை: போனுக்கு 26 பவுண்டு, லைனுக்கு 16. தனக்கு இரண்டு ஒப்பந்தங்கள் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

காசு கொடுக்காமல் விலக வழி இருக்கிறதா

வெளிநாடு போகிறேன், படிப்பு முடிந்துவிட்டது, வேலை போய்விட்டது என்பவையெல்லாம் பிரிட்டனில் கட்டணமின்றி விலகுவதற்கான சட்டக் காரணங்கள் அல்ல. சில நிறுவனங்கள் இரக்கப்பட்டுக் குறைக்கலாம். உரிமையாகக் கேட்க முடியாது. உரிமையாகக் கேட்கக்கூடிய சந்தர்ப்பங்கள் வேறு.

இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கியிருந்தால், 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமையை 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் தருகின்றன. பயன்படுத்திய நாட்களுக்கான கட்டணத்தைக் கேட்பார்கள். போனைத் திருப்பி அனுப்ப வேண்டும். போனில் கீறல் விழுந்திருந்தால் அதற்கும் பிடித்தம் செய்யலாம். கடைக்கு நேரில் போய் வாங்கியவருக்கு இந்தச் சட்ட உரிமை கிடையாது, கடைக்காரரின் சொந்தக் கொள்கையைத்தான் நம்ப வேண்டும் என்பதால், இன்னும் வாங்காதவர்கள் யாரேனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால் இணையத்திலேயே வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் சொல்லப்படாத விலை உயர்வை நிறுவனம் நடுவில் கொண்டுவந்தால், அதை உங்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, கட்டணமின்றி விலகும் வாய்ப்பையும் தர வேண்டும். 2025 ஜனவரி 17 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில், ஒப்பந்தத்தின் நடுவே விலை ஏறும் என்றால் அது எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ், எந்த மாதம் என்று வாங்கும்போதே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. முன்பே எழுதிய அளவுக்குத்தான் உயர்ந்திருக்கிறது என்றால் இந்தக் கதவு மூடியே இருக்கும். திறந்தாலும்கூட, தனிக் கடன் ஒப்பந்தத்தில் இருக்கும் போனின் பாக்கியை அது ரத்து செய்துவிடாது.

குறைந்தபட்சக் காலம் ஏற்கெனவே முடிந்திருப்பதும் சாத்தியம். அது முடிவதற்கு 10 முதல் 40 நாட்கள் இருக்கும்போது நிறுவனம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற விதி 2020 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. நம்மில் பலர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறோம்.

எவ்வளவு ஆகும் என்பதை ஒரு குறுஞ்செய்தியில் அறிவது

கஸ்டமர் கேரை அழைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். அழைத்தால் உங்கள் அழைப்பு, போகிறவரைப் பிடித்து நிறுத்துவதற்காகவே பயிற்சி பெற்றவர்களிடம்தான் போகும். எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு கையில் இல்லாமல் அவர்களிடம் பேசினால், விலகப் போன நீங்கள் இன்னொரு 24 மாத ஒப்பந்தத்துடன் திரும்பி வருவீர்கள்.

எந்த எண்ணை விட்டுவிட நினைக்கிறீர்களோ அந்த சிம்மிலிருந்து, 85075 என்ற எண்ணுக்கு, ஆங்கிலத்தில் ஐ, என், எஃப், ஓ ஆகிய நான்கு எழுத்துகளை மட்டும் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். இது இலவசம். 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஆஃப்காம் விதிப்படி, முன்கூட்டியே விலகுவதற்கான கட்டணம் எவ்வளவு, போனுக்குப் பாக்கி எவ்வளவு என்ற விவரம் பதிலாக வர வேண்டும். இதை அனுப்புவதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது, தயங்காமல் அனுப்பலாம்.

அன்று நான் அடுப்பிலிருந்து டீயை இறக்கி வடிகட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. லைனுக்கு 13 மாதம், மாதம் 16 வீதம் 208 பவுண்டு, போனுக்கு 13 மாதம், மாதம் 26 வீதம் 338 பவுண்டு, மொத்தம் 546. "ஆயிரத்துக்கு மேல வரும்னு நினைச்சு ரெண்டு வாரமா தூங்கலண்ணா" என்றார். 546 சிறிய தொகை அல்லதான். ஆனால் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், பயந்துகொண்டிருந்த மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

உங்கள் நிறுவனத்தின் கணக்கு அச்சாக இப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. முன்கூட்டியே மொத்தமாகக் கட்டுவதற்குச் சில நிறுவனங்கள் சிறு கழிவு தருகின்றன. குறுஞ்செய்தியில் வந்த தொகையையும் நீங்களே பெருக்கிப் பார்த்த தொகையையும் ஒப்பிட்டு, அவர்கள் கேட்பது உங்கள் கணக்கைவிட அதிகமாக இருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

முழுத் தொகையைக் கட்டும் முன் பார்க்க வேண்டிய மாற்று வழிகள்

லைன் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். 100 ஜிபி திட்டத்தில் இருப்பவரை நடுவிலேயே அதே நிறுவனத்தின் மிகச் சிறிய திட்டத்துக்கு இறங்க அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு. 16 பவுண்டு 8 ஆகக் குறைந்தால், மீதி 13 மாதத்துக்கு 104 பவுண்டுதான். இறக்கிய பிறகு விலகும் கட்டணம் புதிய விலையின்படி கணக்கிடப்படுமா என்பதையும் அதே உரையாடலில் கேட்டு, சாட் வழியாகவே பதில் வாங்கி, திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்ட வாக்குறுதிகள் பில்லில் வந்து சேராமல் போனதை நானே ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். "அப்படி எந்தப் பதிவும் எங்களிடம் இல்லை" என்று மூன்றாவது அழைப்பில் சொன்னார்கள். அன்றிலிருந்து போன் ஒப்பந்த விஷயத்தில் நான் வாயால் பேசுவதே இல்லை.

இங்கேயே இருக்கப்போகிற நண்பர் ஒருவர் லைனை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தால், பெயர் மாற்றத்தை அனுமதிக்கும் நிறுவனங்களில் அதைச் செய்யலாம். அவருடைய கடன் வரலாற்றைச் சோதிப்பார்கள். பெயரை மாற்றாமல் சிம்மை மட்டும் நண்பரிடம் கொடுத்துவிட்டு, "நீ மாசாமாசம் அனுப்பிடு" என்று சொல்லிப் போவது நட்புக்கும் நல்லதல்ல.

போனின் கடனைப் பொறுத்தவரை, தனிக் கடன் ஒப்பந்தமாக இருந்தால் அதை எப்போது வேண்டுமானாலும் முழுவதுமாகவோ பகுதியாகவோ முன்கூட்டியே அடைக்கும் உரிமை 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் இருக்கிறது. லைனை முடித்தவுடன் போனின் பாக்கி முழுவதையும் கேட்கும் நிறுவனங்களும் உண்டு, தவணையைத் தொடர விடும் நிறுவனங்களும் உண்டு. ஊர் திரும்பிய பிறகும் இங்கே வங்கிக் கணக்கை வைத்துப் பணம் போட்டுக்கொண்டிருப்பது நடைமுறையில் தலைவலி என்பதால், முடிந்தால் அடைத்துவிட்டே போகச் சொல்வேன். 2021 டிசம்பரிலிருந்து பிரிட்டனின் மொபைல் நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்குக்குப் பூட்டிய போனை விற்கக் கூடாது என்பதால், அதற்குப் பிறகு வாங்கிய போனில் இந்தியாவின் ஜியோ சிம்மோ இலங்கையின் டயலாக் சிம்மோ போட்டால் வேலை செய்யும். போனை விற்றுக் கடனை அடைக்கலாமே என்று தோன்றும். அடைத்து முடித்த பிறகு விற்பதே ஒழுங்கு. பாக்கி இருக்கும்போது விற்று, பிறகு தவணை நின்றுவிட்டால், நிறுவனம் அந்தப் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யையே முடக்கிவிடலாம். வாங்கியவர் உங்களைத்தான் தேடுவார்.

எண்ணைக் கைவிடாமல் ஒப்பந்தத்தை மட்டும் முடிப்பது

ஊருக்குப் போன பிறகும் உங்களுடைய பிரிட்டன் எண் சில மாதங்களாவது உங்களுக்குத் தேவைப்படும். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வாடகை முன்பணம் திரும்பி வருவது, கடைசிச் சம்பளத்தில் அதிகம் பிடித்த வருமான வரியைத் திரும்பக் கேட்பது போன்ற எதைச் செய்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த ஓடிபியின் ஆறு இலக்கங்களைக் கேட்பார்கள். லைனோடு எண்ணையும் விட்டுவிட்டு, மதுரையில் உட்கார்ந்து லண்டன் வங்கியின் அடையாளச் சோதனையோடு மல்லுக்கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர்.

ஆகவே, முதலில் மாதக் கட்டணம் இல்லாத பே அஸ் யூ கோ சிம் ஒன்றை வாங்குங்கள். பல நிறுவனங்கள் இலவசமாகவே தபாலில் அனுப்புகின்றன. பிறகு பழைய சிம்மிலிருந்து 65075 என்ற எண்ணுக்கு, ஆங்கிலத்தில் பி, ஏ, சி என்ற மூன்று எழுத்துகளை அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்குள் குறியீடு ஒன்று வரும்; நம்மவர்கள் அதை "பேக் கோட்" என்பார்கள். அது 30 நாள் செல்லும். புதிய சிம் நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ அந்தக் குறியீட்டைக் கொடுத்தால், அடுத்த வேலை நாளில் உங்கள் பழைய எண் புதிய சிம்முக்கு வந்துவிடும். அதோடு பழைய ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடும். தனியாக முன்னறிவிப்புக் கொடுக்கத் தேவையில்லை. எண் மாறிய நாளுக்குப் பிறகான முன்னறிவிப்புக் காலத்துக்குக் கட்டணம் வாங்குவதையும் 2019-இல் ஆஃப்காம் தடை செய்துவிட்டது. குறைந்தபட்சக் காலத்தின் மீதிக்கான கட்டணம் மட்டும் கடைசி பில்லில் வரும்.

எண் வேண்டவே வேண்டாம் என்பவர் 75075-க்கு எஸ், டி, ஏ, சி என்று அனுப்பி, வரும் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்கலாம். இரண்டிலும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: குறியீட்டை வாங்கியதால் மட்டும் ஒப்பந்தம் முடியாது. புதிய நிறுவனத்திடம் கொடுத்தால்தான் முடியும். வாங்கி வைத்துவிட்டு மறந்தால் 30 நாளில் குறியீடு காலாவதியாகி, பில் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்.

இதை விமானத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது முடித்துவிடுங்கள். சனி, ஞாயிறும் வங்கி விடுமுறையும் வேலை நாளில் சேராது. எண் மாறும் அந்தச் சில மணி நேரம் பழைய சிம் செத்துப் புதிய சிம் உயிர் பெறாமல் இருக்கலாம் என்பதால், அன்று வங்கிப் பரிமாற்றம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். புதிய சிம்மில் ஐந்தோ பத்தோ பவுண்டு போட்டு, ரோமிங்கை இயக்கி, வாய்ஸ்மெயிலை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். ஏறத்தாழ ஆறு மாதம் பயன்படுத்தாத எண்ணைப் பல நிறுவனங்கள் துண்டித்துவிடும். ஓடிபி வந்து விழுவது மட்டும் பயன்பாடாகக் கருதப்படாமல் போகலாம். அதனால் நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டைரக்ட் டெபிட்டை ஏன் நிறுத்தக் கூடாது

வங்கியில் டைரக்ட் டெபிட்டை நிறுத்துவது, பணம் போகும் குழாயை அடைப்பது மட்டுமே. ஒப்பந்தம் அப்படியே உயிரோடு இருக்கும். பில் ஏறும், தாமதக் கட்டணம் சேரும், சில மாதங்களில் கணக்கு வசூல் நிறுவனத்துக்குக் கைமாறும். கடன் தவறியதாக ஒரு பதிவு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய கடன் தகவல் நிறுவனங்களில் ஏறிவிட்டால் ஆறு ஆண்டு அங்கேயே இருக்கும். இரண்டு வருடம் கழித்து வேலை விசாவில் திரும்பி வந்து, வீட்டு வாடகைக்கோ காருக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய போன் பில் எழுந்து நிற்கும். போன் பில் பாக்கி இருந்தால் அடுத்த விசா கிடைக்காது என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். விசா விதிகளில் கட்டாத கடன் என்று குறிப்பிட்டுப் பேசப்படுவது அரசு மருத்துவச் சேவைக்குக் கட்ட வேண்டிய பாக்கி போன்றவைதான். தனியார் நிறுவனத்தின் போன் பில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் கடன் வரலாற்றில் விழும் அடி ஒன்றே போதுமான காரணம்.

கடைசி பில் வந்து பணம் எடுக்கப்படும் வரை வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள். போனுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்திருந்தால் அது வேறு ஒப்பந்தம். லைனோடு சேர்ந்து முடியாது, தனியாக ரத்து செய்ய வேண்டும். ஸ்மார்ட் வாட்சுக்கோ டேப்லெட்டுக்கோ கூடுதல் சிம் இருந்தாலும் அப்படியே.

கட்டப் பணமே இல்லை என்றால், தவணை தவறுவதற்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லி, சிறு தொகைகளாகக் கட்டக் கேளுங்கள். எப்படிப் பேசுவது என்று சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இலவசமாக வழிகாட்டும். அந்த மாணவரும் போனின் 338 பவுண்டை ஆகஸ்டு மாதச் சம்பளத்தில் அடைத்து, லைனின் 208-ஐ இரண்டு தவணையாகக் கேட்டு வாங்கினார். சாட்டில் நாற்பது நிமிடம் பிடித்தது.

நிறுவனத்தோடு தகராறு வந்தால்

தொகை தவறு என்றோ, சொன்ன சொல்லை மீறினார்கள் என்றோ நினைத்தால், புகார் என்ற சொல்லைத் தெளிவாகப் பயன்படுத்தி எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். ஆறு வாரம் (2026 ஏப்ரல் 8-க்கு முன் கொடுத்த புகார் என்றால் எட்டு வாரம்) கடந்தும் தீரவில்லை என்றாலோ, இனி எங்களால் செய்ய ஒன்றுமில்லை என்று அவர்கள் அதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாலோ, கம்யூனிகேஷன்ஸ் ஆம்புட்ஸ்மன், சிஸாஸ் ஆகிய இரண்டு தீர்வு மன்றங்களில் உங்கள் நிறுவனம் எதில் உறுப்பினரோ அதில் இலவசமாக முறையிடலாம். ஆஃப்காம் தனிநபர் புகார்களைத் தீர்த்து வைப்பதில்லை. அங்கே எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். தகராறு நடக்கும்போதும், சர்ச்சையில் இல்லாத தொகையைக் கட்டிக்கொண்டே வாருங்கள்.

எல்லாம் முடிந்ததும், பாக்கி பூஜ்யம் என்று காட்டும் கடைசி பில்லையும், கணக்கு மூடப்பட்டது என்ற மின்னஞ்சலையும் பிடிஎஃப் ஆக இறக்கி, பல்கலைக்கழக மின்னஞ்சலில் அல்லாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் சேமித்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து சில மாதங்களில் பல்கலைக்கழகம் அந்தப் பெட்டியைப் பூட்டிவிடக்கூடும். நிறுவனத்தின் செயலியும் கணக்கு மூடிய பிறகு உங்களை உள்ளே விடாது.